எங்கே என்று கேட்காத ஆன்ட்டி

பல் டாக்டர் இரண்டு கைகளையும் வாய்க்குள் விட்டிருந்தபோதுகூட அந்த ஆன்ட்டி கேள்வி கேட்டார். துணைக்குப் போய் ஓரமாக உட்கார்ந்திருந்த எனக்கு “ஆ… ஊ… ஆஆ?” என்றுதான் கேட்டது. ஆனால் கடைசியில் ஒரு இழுப்பு இருந்ததே, அது கேள்வியேதான், எனக்குத் தெரியாதா? டாக்டர் பாவம், பயந்துபோய்க் கருவிகளை வெளியே எடுத்துவிட்டு “சாரி?” என்றார்.

“யூ ஹேவ் ஹவ் மெனி சில்ட்ரன்?”

அவர் இரண்டு என்றார். ஆன்ட்டி தலையாட்டிவிட்டு மறுபடி வாயைத் திறந்துகொண்டார். எனக்குத் தரைக்குள் போய்விடலாமா என்று இருந்தது.

அமெரிக்காவில், பார்சிப்பனியில் நாங்கள் இருந்த அபார்ட்மென்ட் கட்டடத்தில் மொத்தம் எட்டு வீடுகள். நான் மாடியில், ஆன்ட்டி கீழே. திருச்சி உறையூர்க்காரர். பிள்ளைகள் வேலைக்கென்று ஆளுக்கொரு மாநிலம் போய்விட்டார்கள். அங்கிள் ஒரு மருந்துக் கிடங்கில் ஷிப்ட் வேலை பார்த்தார், வீட்டில் இருக்கும்போது தூங்கினார். ஆன்ட்டி கார் ஓட்ட மாட்டார், டிவி பார்க்க மாட்டார். மிச்சம் இருந்த நேரம் முழுக்க எங்களைக் கேள்வி கேட்டார்.

நான் குடிவந்தது இரண்டாயிரத்து ஆறில். முதல் நாள் தபால் பெட்டியைத் திறக்கக் கீழே போனேன். சாவி கொஞ்சம் இறுக்கம். அதைத் திருப்பி முடிப்பதற்குள் என் ஊர், படிப்பு, கல்யாணமாகி எத்தனை வருஷம், வீட்டுக்காரர் எந்தக் கம்பெனி, வாடகை எவ்வளவு சொன்னார்கள், சோபா புதுசா பழசா, ஏன் இன்னும் குழந்தை இல்லை, அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டா, எல்லாம் கேட்டு முடித்துவிட்டார். பதிலுக்கு நிற்பதும் கிடையாது. நான் “மதுரை” என்று சொல்ல வாயெடுத்தபோது அவர் முழங்காலில் இருந்தார். பதில் வேண்டாதவர் எதற்காகக் கேட்க வேண்டும்? அன்றே முடிவு செய்தேன், இந்த மனுஷியிடம் இனி வாயைக் கொடுக்கக் கூடாது.

நடக்கிற காரியமா? துணி துவைக்கிற அறை பொது. படிக்கட்டு பொது. குப்பை போடுகிற இடம் பொது. எங்கே திரும்பினாலும் அவர் நிற்பார், புடவைக்கு மேலே மகனுடைய பழைய ஜாக்கெட்டும் காலில் சாக்ஸும் செருப்புமாக.

நான் மதுரையில் எம்.பி.பி.எஸ். முடித்தவள். ஆனால் கணவரைச் சார்ந்து வந்த விசா என்னுடையது. அதில் வேலை பார்க்கக் கூடாது. இங்கே டாக்டராக வேண்டுமானால் வரிசையாகப் பரீட்சை எழுத வேண்டும். முதல் தடவை எழுதப்போகிறேன் என்று எல்லோரிடமும் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், அது என் புத்தி. பெயிலானேன். அதற்குப் பிறகு கோயிலுக்குப் போனால் “ரிசல்ட் வந்துடுச்சா?”, பிறந்தநாள் பார்ட்டிக்குப் போனால் “என்ன, டாக்டரம்மா, ரிசல்ட்?” ஒரு நாள் யார் வீட்டிலோ கேக் வெட்டும்போது பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்தப் பரீட்சையை விட்டுவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். விடவில்லை. கணவருக்கு மட்டும் தெரியும். தினமும் காலையில் பை நிறையப் புத்தகத்தோடு லைப்ரரிக்கு நடந்து போனேன்.

படியிறங்கினால் ஆன்ட்டி. முதல் நாள் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். போச்சு, எங்கே போகிறாய், பையில் என்ன, எதற்கு இத்தனை புத்தகம் என்று ஆரம்பிக்கப்போகிறார்.

“தூரமா?” என்றார்.

“இல்ல ஆன்ட்டி, பக்கம்தான்.”

“சரி, போயிட்டு வா.”

அவ்வளவுதான். அடுத்த நாளும் அதே. இரண்டு வருஷமும் அதே. புறப்படுகிறவர்களை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் தடங்கலாகும் என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். தூரமா என்றுதான் கேட்பார்கள். சும்மா இருந்தால் வாடகையையும் வயிற்றையும் கேட்கிற ஆளுக்கு இதில் மட்டும் என்ன சாஸ்திரம் என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. திரும்பி வரும்போது வழக்கம்போலப் பிடித்துக்கொள்வார். “உங்கம்மா முழங்காலுக்கு அந்த எண்ணெய் போட்டாங்களா? எது போட்டாங்க? தேய்ச்சாங்களா, சும்மா தடவினாங்களா?”

அடையாள அட்டை எடுக்க அவரை வாகனப் பதிவு ஆபீசுக்குக் கூட்டிப்போன கதையைச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றோம். கவுன்ட்டரில் இருந்த பெண் கண்ணின் நிறம் என்ன என்று கேட்டாள். பாரத்தில் எழுதுவதற்காகக் கேட்கிறாள். ஆன்ட்டி முன்னால் குனிந்து, “யூ டெல். வாட் யூ ஸீ?” என்றார். அவள் முறைத்தாள். “பிளாக்னு சொல்லுங்க ஆன்ட்டி” என்று பல்லைக் கடித்தேன். “இருடி, அவளும் பாக்கட்டுமே. யுவர் ஐ ஒரிஜினல் கிரீன்? மதர் ஆல்சோ கிரீன்?” பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே அம்மாவுக்கு நீலம், அப்பாவுக்குப் பச்சை என்று கதை சொல்ல ஆரம்பித்துவிட்டாள். யாரைத் திட்டுவது?

ஆன்ட்டியின் எதிர்வீட்டில் ஒரு பெரியவர் தனியாக இருந்தார். லித்துவேனியாக்காரர். சின்ன வயதில் சண்டைக் காலத்தில் ஊரைவிட்டு வந்து, இங்கே தொழிற்சாலையில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். எப்போதும் தொப்பி போட்டிருப்பார். புருவம் இரண்டும் புதராக வளர்ந்திருக்கும். எண்பது தாண்டியபின் மறதி வந்தது. முதலில் போனது ஆங்கிலம். சொல்ல வந்ததை அவருடைய தாய்மொழியிலேயே சொல்வார், எதிரே நிற்பவர் விழிப்பதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வார். ஒரு நாள் தனியாகக் கிளம்பி ஹைவே ஓரத்தில் நின்றுகொண்டிருந்தவரைப் போலீஸ் கொண்டுவந்து விட்டது.

அவருக்கு ஒரே மகள், நாட்டின் அந்தக் கோடியில், சான் ஹோசேயில் இருந்தாள். பறந்து வந்தாள். இன்னொரு தடவை இப்படிக் கிளம்பிப்போனால் இனி தனியாக விட முடியாது, தன்னோடு கூட்டிப்போய் ஏதாவது முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டியதுதான் என்றாள். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அந்த வீட்டைவிட்டுப் போக மாட்டார்.

“நான் பாத்துக்கறேன்னு சொல்லு” என்றார் ஆன்ட்டி என்னிடம்.

“உங்களுக்கு அவர் பேசறது புரியாதே ஆன்ட்டி.”

“அவளை நாலு கேள்வி எழுதித் தரச் சொல்லு. நான் கேட்டுக்கறேன்.”

மகள் ஊருக்குப் போனபின் போனில்தான் பாடம் நடந்தது. ஸ்பீக்கரைப் போட்டு ஆன்ட்டியின் சாப்பாட்டு மேஜையில் வைத்தோம். மகள் லித்துவேனிய மொழியில் சொல்லுவாள், ஆன்ட்டி பால் கணக்கு எழுதுகிற மாதிரி ஒரு நீள நோட்டில் தமிழில் எழுதிக்கொள்வார், நடுவில் நான் மொழிபெயர்க்க வேண்டும். பரீட்சைக்கு எட்டு வாரம் இருந்தது எனக்கு. என் தலையெழுத்து.

ஆர் வால்கேதே? சாப்பிட்டீர்களா. ஆர் ஷால்தா? குளிருகிறதா. ஆர் ஸ்கௌதா? வலிக்கிறதா. குர் ஸ்கௌதா? எங்கே வலிக்கிறது.

ஆன்ட்டி பேனாவை நிறுத்தினார். “ஆமாவா இல்லையான்னு கேக்கற கேள்விக்கெல்லாம் முன்னாடி ஆர் போடறா, கவனிச்சியா? நம்ம கடைசியில ஆ போடுவோம். சாப்டீங்களா, குளிருதா. இவங்க முதல்லயே போட்டுடறாங்க. அது நல்லதுதான். கேள்வி வருதுன்னு ஆளு தயாரா இருக்கலாம்.”

“சரி ஆன்ட்டி, அடுத்தது.”

“யாருன்னா எப்படி, என்னன்னா எப்படின்னு கேளு.”

இரண்டுக்கும் ‘கஸ்’தான் என்றாள் மகள். ஆன்ட்டிக்கு அதில் திருப்தியில்லை. ஆளையும் பொருளையும் ஒன்றாக்கிவிட்டார்களே என்று பத்து நிமிஷம் வருத்தப்பட்டார். ஏன் என்பதற்கு ‘கொதேல்’ என்றபோது எழுதவே இல்லை. “ஏன்னு கேட்டா வயசானவங்களுக்குக் கோவம் வரும், அது வேண்டாம்.” எத்தனை என்பதற்கு ‘கியெக்’. அதை மட்டும் இரண்டு தடவை அடிக்கோடிட்டார். உங்களுக்கு எத்தனை தம்பிகள், எத்தனை மாடு வைத்திருந்தீர்கள், கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று அவராகவே பட்டியல் போட்டுக் கேட்டு வாங்கினார். மகள் சிரித்துச் சிரித்துச் சொல்லிக் கொடுத்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக மகள் குரலை மாற்றிக்கொண்டு சொன்னாள். இதுதான் முக்கியம். கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார் என்றால் உடனே கேட்க வேண்டியது, குர் எய்னாதே? எங்கே போகிறீர்கள்?

நான் தமிழில் சொன்னேன். ஆன்ட்டி பேனாவை மூடினார்.

“அது கேக்க மாட்டேன்.”

“என்ன ஆன்ட்டி சொல்றீங்க?”

“புறப்பட்டு வாசல்ல நிக்கறவர எங்கன்னு கேக்கக் கூடாது. தூரமான்னு எப்படிக் கேக்கறதுன்னு கேளு.”

“ஆன்ட்டி, அவர் காணாமப் போயிடக் கூடாதுன்னுதான் இத்தனையும் படிக்கறோம்! அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்த போனே!”

“தூரமான்னு கேட்டாலே அவங்களே எங்கன்னு சொல்லிடுவாங்க. நீ கேளு.”

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மகளிடம் இதை எப்படிச் சொல்வது? எங்கள் ஊர்ப் பழக்கம், மன்னித்துக்கொள் என்று இழுத்தேன். மகள் பெருமூச்சோடு, “ஆர் தோலி” என்றாள். தூரமா. ஆன்ட்டி பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலையிலிருந்து நடந்தது கூத்து. பெரியவர் கதவைத் திறந்ததும் ஆன்ட்டி நோட்டோடு நிற்பார். “ஆர் வால்கேதே?” அவருடைய முகம் மாறுவதை நான் மாடிப்படியிலிருந்து பார்த்தேன். மகளைத் தவிர வருஷக்கணக்காக அவரிடம் அந்த மொழியில் யாரும் நேருக்கு நேர் பேசியிருக்க மாட்டார்கள். ஐந்து நிமிஷம் பதில் சொன்னார், கையை ஆட்டி, தொப்பியைக் கழற்றி, திரும்பப் போட்டு. ஆன்ட்டி “ம்… ம்…” கொட்டிவிட்டு அடுத்ததைக் கேட்டார். எத்தனை மாடு? அதற்கு ஐந்து நிமிஷம்.

“அவர் சொன்னது ஒரு வார்த்தை புரிஞ்சுதா உங்களுக்கு?” என்றேன்.

“புரியல.”

“அப்புறம் எதுக்குக் கேக்கறீங்க?”

“கேட்டா அவர் சொல்றாருல்ல?”

பதிலைக் காதில் வாங்காமல் கேள்வி கேட்கிற பழக்கத்துக்கு வாகாக ஒரு மொழியே கிடைத்துவிட்டது, கொண்டாட்டம்தான் என்று என் கணவரிடம் புலம்பினேன். அவர் சிரித்தார். அவருக்கென்ன, ஆபீஸ் போய்விடுகிறார்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பெரியவர் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தபோது ஆன்ட்டிதான் கண்டுபிடித்தார். ஆர் ஸ்கௌதா? தலையாட்டினார். குர் ஸ்கௌதா? வாயைத் திறந்து காட்டினார். பல்செட் விண்டு ஈறைக் கிழித்திருந்தது. ஆன்ட்டி தன்னுடைய அதே பல் டாக்டரிடம் அவரைக் கூட்டிப்போனார். நானும் போனேன், வேறு யார் போவது? ஆன்ட்டி டாக்டரிடம், “டூ சில்ட்ரன் குட்?” என்றார். அந்த டாக்டர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள். முழங்கால் வரைக்கும் பனி. மதியம் லைப்ரரியிலிருந்து திரும்பினால் ஆன்ட்டி வாசலில் நிற்கிறார், ஜாக்கெட் இல்லை, தலையில் குல்லா இல்லை. அவர் வீட்டுக் கதவும் எதிர்வீட்டுக் கதவும் திறந்து கிடந்தன.

“அவரைக் காணோம்டி.”

“எப்பலேர்ந்து?”

“பதினொண்ணு இருக்கும். கோட்டு, தொப்பி எல்லாம் போட்டுட்டு வந்தார். கேட்டேன். சொன்னார். சரின்னேன். தபால் பொட்டி வரைக்கும் போறார்னு நினைச்சேன். ரசம் கொதிச்சிட்டு இருந்துது, உள்ள போயிட்டேன்.”

“என்ன கேட்டீங்க?”

“ஆர் தோலி.”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. படிக்கட்டு அதிரக் கத்தினேன். “எங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன? குர் எய்னாதே! சொல்லிக் கொடுத்தாளா இல்லையா? ஊர்ல உலகத்துல எல்லாரையும் எல்லாத்தையும் கேக்கறீங்க. சம்பளம் கேக்கறீங்க, குழந்தை கேக்கறீங்க. கேக்க வேண்டிய ஒண்ணே ஒண்ணு, அத மட்டும் கேக்க மாட்டீங்க! அந்த மனுஷன் எங்கயாவது விழுந்து கெடந்தா யார் பதில் சொல்றது?”

ஆன்ட்டி என்னை நேராகப் பார்த்தார்.

“உன்னை மட்டும் கேட்டேனா? ரெண்டு வருஷமா அந்தப் பைய தூக்கிட்டு விடிஞ்சா கிளம்பற. எங்கன்னு ஒரு நாள் கேட்டேனா? கேட்டிருந்தா நீ போயிருப்பியா?”

போயிருக்க மாட்டேன். ஒரு வாரம் பொய் சொல்லியிருப்பேன், அப்புறம் வீட்டோடு கிடந்திருப்பேன்.

ஆனால் நின்று யோசிக்க நேரமில்லை. போலீசைக் கூப்பிட்டேன். பிறகு மகளைக் கூப்பிட்டேன். அவள் எடுத்த எடுப்பில் அழுதுகொண்டே கேட்டாள், கிளம்பும்போது அப்பா ஏதாவது சொன்னாரா?

“ஏதோ சொல்லியிருக்கிறார். ஆனால் இவருக்குப் புரியாது” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த நேரத்திலும் குத்தலாகத்தான் சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன்.

ஆன்ட்டி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிப்பதுபோலச் சொன்னார்: “நெதோலி. பாஸ் கிர்ப்பேயா.”

எதிர்முனையில் அழுகை நின்றது. மறுபடி சொல்லச் சொன்னாள். ஆன்ட்டி மறுபடி சொன்னார், அவருடைய இழுப்போடு, அவருடைய தொண்டைக் கமறலோடு. தூரமில்லை. முடிவெட்டுகிறவரிடம் போகிறேன்.

எந்தக் கடை என்று மகளுக்குத் தெரிந்தது. ஹைவே பக்கம் பேங்கை ஒட்டிய கடை வரிசையில் கடைசிக்கு முந்தினது, அப்பா முப்பது வருஷம் அங்கேதான் வெட்டிக்கொண்டார், ஆனால் அந்த முடிவெட்டுகிறவர் செத்துப்போய்க் கடையையும் எப்போதோ மூடிவிட்டார்களே என்றாள். அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மாதம் ஒரு தடவை நான் போகிற இடம்தான். ஒரு குஜராத்திப் பெண் நூல் வைத்துப் புருவம் திருத்துகிற கடை.

போலீஸ் கார் வந்தது. எங்கள் இரண்டு பேரையும் பின்னால் ஏற்றிக்கொண்டார் அதை ஓட்டிவந்த இளைஞர். கம்பித் தடுப்புக்குப் பின்னால், குற்றவாளிகள் உட்காருகிற இடத்தில், நான் ஆயிரம் தெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டு வருகிறேன். பக்கத்தில் ஆன்ட்டி கம்பியைப் பிடித்துக்கொண்டு, “ஹவ் மெனி இயர்ஸ் போலீஸ்? மதர் நாட் அஃப்ரெய்ட்?” குரல் நடுங்கியது. நடுங்கிக்கொண்டேதான் கேட்டார்.

கடைக்குள் பெரியவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. தொப்பி மடியில். அந்த குஜராத்திப் பெண் நூலை விரலில் சுற்றியபடி பரிதாபமாக எங்களைப் பார்த்தாள். வந்தார், உட்கார்ந்தார், யாருக்குப் போன் பண்ணவேண்டும் என்று எத்தனையோ கேட்டேன், பேசவில்லை, எழுந்திருக்கவும் இல்லை, புருவம் ரொம்ப மோசமாக இருந்தது, சரி என்று செய்துவிட்டேன் என்றாள். எண்பது வருஷப் புதர் போய், இரண்டு மெல்லிய வில்லாகப் புருவம் வளைந்திருந்தது. முகம் என்னவோ எப்போதும் ஆச்சரியப்படுகிற முகமாகிவிட்டது. அந்த போலீஸ்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆன்ட்டி அவர் முன்னால் குனிந்து, “ஆர் ஷால்தா?” என்றார்.

“நெ” என்றார் பெரியவர். குளிரவில்லை.

ஆன்ட்டி அவர் இரண்டு கைகளையும் தன் புடவைத் தலைப்பில் வைத்துத் தேய்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து அந்தப் பெண்ணிடம், “திஸ் ஷாப், ஹவ் மச் ரென்ட்?” என்றார். நான் வெளியே போய்ப் பனியில் நின்றேன்.

மகள் அடுத்த நாளே வந்தாள். யாரையும் குறை சொல்லவில்லை. ஆன்ட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஆனால் சொன்ன சொல்லை மாற்றவில்லை. அப்பாவைக் கூட்டிப்போகிறேன் என்றாள். ஆன்ட்டி எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. கேள்விதான் கேட்டார். அவர் ரூமுக்கு ஜன்னல் உண்டா? ஜன்னலில் என்ன தெரியும்? அவர் பேச்சுப் பேசுகிறவர் அங்கே ஒருத்தராவது உண்டா? பல்செட்டை யார் கழுவுவார்கள்? மகள் முதல் இரண்டுக்குத்தான் பதில் சொன்னாள்.

சனிக்கிழமை காலை டாக்சி வந்து நின்றது. பெட்டியெல்லாம் ஏற்றியாகிவிட்டது. பெரியவர் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, அந்த ஆச்சரிய முகத்தோடு வாசலுக்கு வந்தார். ஆன்ட்டி படியோரம் வழக்கமான இடத்தில் நின்றிருந்தார். கையில் நோட்டு இல்லை.

“ஆர் தோலி?”

அவர் நின்றார். மகளைப் பார்த்தார், டாக்சியைப் பார்த்தார். பிறகு ஆன்ட்டியைப் பார்த்து, “தோலி” என்றார்.

முன்னால் இருந்த ‘ஆர்’ போய்விட்டால் அது பதில். அதற்கு மொழிபெயர்ப்பு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஆன்ட்டி “சரி, போயிட்டு வாங்க” என்று தமிழிலேயே சொன்னார்.

அதற்குப் பிறகு நாலு நாள் ஆன்ட்டி யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. தபால் பெட்டியருகே நின்றேன், கேட்கவில்லை. வேண்டுமென்றே புதுத் திரைச்சீலைப் பொட்டலத்தோடு அவர் கண்ணில் படுகிற மாதிரி நடந்தேன், விலைகூடக் கேட்கவில்லை. இரண்டு வருஷமாக எந்தத் தொல்லை ஒழியாதா என்று நினைத்தேனோ அது ஒழிந்தது, எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

புதன்கிழமை மதியம் துணி துவைக்கிற அறையில் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டோம். டிரையர் சுற்றிக்கொண்டிருந்தது. ஆன்ட்டி மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

“நான் எங்கன்னு கேட்டிருக்கணுமோ?” என்றார்.

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். அடுத்த கேள்விக்குப் போகவில்லை. துண்டைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். எனக்குத் தெரிந்து அந்த மனுஷி பதிலுக்காக நின்றது அதுதான் முதல் தடவை.

கேட்டிருக்க வேண்டும் என்று படிக்கட்டில் கத்தியவள் நான்தான். கேட்டிருந்தால் கிளம்பின காரியம் தடங்கலாகி அவர் இங்கேயே இருந்திருப்பார் என்பதும் உண்மையாக இருக்கலாம். கேட்டிருக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லத் தெரிந்தது ஒன்றுதான் இருந்தது.

“நான் லைப்ரரிக்குப் போறேன் ஆன்ட்டி. தினமும். டாக்டர் பரீட்சைக்குப் படிக்க. போன தடவை பெயிலாயிட்டேன். அதான் யார்கிட்டயும் சொல்லல. நீங்க எங்கன்னு கேட்டிருந்தா அன்னிக்கே விட்டிருப்பேன்.”

ஆன்ட்டி துண்டால் என் தோளில் ஒரு அடி போட்டார்.

“அடிப்பாவி! நீ எங்கயோ கடையில பர்மிட் இல்லாம வேலை பாக்கறேன்னுல்ல நினைச்சேன்? கேட்டு வெச்சா உனக்குச் சிக்கலாயிடுமேன்னு மாடியில யார் கேட்டாலும் கோயிலுக்குப் போறான்னு சொல்லிட்டிருந்தேன்!”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இரண்டு வருஷமாக நான் அத்தனை பக்தியுள்ளவளாக அந்தக் கட்டடத்தில் உலவியிருக்கிறேன்.

ஆன்ட்டி துண்டைக் கூடையில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். நோட்டு இல்லாத குறைதான்.

“பரீட்சை எப்போ? எத்தனை மணி நேரம்? எத்தனை கேள்வி? எழுதறதா, டிக் பண்றதா? போன தடவை எவ்வளவு மார்க்கு? எதுல போச்சு? பாஸ் பண்ணா எங்க வேலை போடுவாங்க? அதுவரைக்கும் குழந்தை வேண்டாம்னு இருக்கியா? உங்கம்மாக்குத் தெரியுமா? லைப்ரரில சாப்பாடு என்ன பண்ற?”

டிரையர் நின்று மணி அடித்தது. துணி ஆறிக்கொண்டிருந்தது, வெளியே யாரோ முறை கேட்டுக் கதவைத் தட்டினார்கள். அத்தனை கேள்விக்கும் உட்கார்ந்து பதில் சொன்னேன்.